பழைய ஹை-ஃபை ஸ்பீக்கர்களில் பேஸ் எழவில்லை: குறை எங்கே?

திருச்சி ரசிகன்

அனைவருக்கும் வணக்கம். எண்பதுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட இருவழி ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை, வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடமிருந்து அண்மையில் வாங்கினேன். ஒவ்வொரு பெட்டியிலும் தாழ்ந்த ஒலிக்கு (பேஸ்) எட்டு அங்குல வூஃபரும், உயர்ந்த ஒலிக்கு ஒரு அங்குல ட்வீட்டரும் உள்ளன. பெட்டி முழுவதும் மூடப்பட்டது. காற்றுக் குழாய் எதுவும் இல்லை. பின்பக்கத்தில் 8 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது. பழைய ஜப்பானிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து சிடி பிளேயரில் கேட்கிறேன்.

குரலும் வயலினும் மிகத் தெளிவாக இருக்கின்றன. ஆனால் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் துல்லியமாக விழும்போது, இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற தாழ்ந்த நாதம் மட்டும் மேசையைத் தட்டியது போல வறண்டு கேட்கிறது. ஆம்ப்ளிஃபயரின் பேஸ் குமிழை முழுவதும் திருப்பினாலும் பெரிய மாற்றமில்லை. ஹை-ஃபை என்றால் பேஸ் அளவாகத்தான் இருக்கும் என்றார் விற்றவர். மெக்கானிக் ஒருவரோ உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் அனைத்தையும் மாற்றிவிடச் சொல்கிறார். எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஈயக்கோல்

கெபாசிட்டரைத் தற்போதைக்கு மறந்துவிடுங்கள். பெட்டியையும் திறக்க வேண்டாம். பேஸ் காணாமல் போவதற்கு நான்கு இடங்கள் உண்டு: ஆம்ப்ளிஃபயர் வரையிலான பகுதி, வயர் இணைப்பு, ஸ்பீக்கர், அறை. இவற்றில் எது என்று பிரித்தறியாமல் உதிரிபாகம் மாற்றத் தொடங்கினால் பணம்தான் கரையும்.

முதல் சோதனைக்கு பேலன்ஸ் குமிழ் போதும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திக்கொண்டு, குமிழை முழுவதும் இடப்பக்கம் திருப்பி ஒரு பாடலைக் கேளுங்கள், அடுத்து வலப்பக்கம், பிறகு நடுவில். தனித்தனியாகக் கேட்கும்போது இருக்கிற பேஸ் இரண்டும் சேர்ந்து பாடும்போது குறைகிறது என்றால், ஒரு பெட்டியில் பிளஸ்-மைனஸ் மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். உங்கள் பெட்டிகளுக்கு இடையே இரண்டு மீட்டர்தான் இருக்கும். எனவே ஒரு வூஃபரின் கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தால், அந்தத் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. குரலின் அலைநீளம் சிறியது என்பதால் அது முழுதாக அழியாமல், நடுவில் நிற்காமல் சிதறித் தெரியும், அவ்வளவுதான்.

வயரின் நிறத்தை நம்பி முடிவுசெய்யாதீர்கள். முன்பு பழுது பார்த்தவர் பெட்டிக்கு உள்ளேயே மாற்றிப் பற்றவைத்திருக்கக்கூடும். 1.5 வோல்ட் பென்சில் செல் ஒன்றை எடுத்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி மட்டும் தொட்டுப் பாருங்கள். கோன் முன்னே வருகிறதா பின்னே போகிறதா என்பது முக்கியமன்று, இரண்டு பெட்டிகளும் ஒரே திசையில் அசைய வேண்டும் என்பதே முக்கியம். ஏனெனில் பழைய ஜேபிஎல் வூஃபர்கள் சிலவற்றில் சிவப்பு முனைக்கு பிளஸ் கொடுத்தால் கோன் உள்ளேதான் போகும், அது குறையல்ல.

அறைஒலி

ஈயக்கோல் சொன்ன சோதனையைச் செய்யும்போது, எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். அறையின் அளவு என்ன? நம் ஊர் வீடுகளில் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையுமாக இருப்பதால் தாழ்ந்த ஒலி வெளியே கசிவதில்லை. உள்ளேயே மோதித் திரும்பி, சில இடங்களில் குவிந்து சில இடங்களில் வற்றிவிடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே உள்ள தூரத்தை மீட்டரில் எடுத்து இரட்டித்து, ஒலியின் வேகமான நொடிக்குச் சுமார் 343 மீட்டரை அதனால் வகுத்தால், அந்தத் திசையில் அறை முதலில் அதிரும் அலைவெண் கிடைக்கும். 14 அடி நீளமுள்ள அறைக்கு அது 40 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ். சரியாக நடுவில் நாற்காலி போட்டிருப்பவருக்கு அந்த அலைவெண்கள் ஏறக்குறையக் கேட்காது. பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதை நினைத்துப் பார்த்தால், எந்த ஸ்வரம் காணாமல் போகும் என்பது புரியும்.

பாடலை ஓடவிட்டுவிட்டு அறையின் மூலைக்குப் போய் நில்லுங்கள். அங்கே பேஸ் திரண்டு கேட்டால், பெட்டி அதைக் கொடுக்கத்தான் செய்கிறது, நீங்கள் உட்காரும் இடத்துக்குத்தான் அது வந்து சேரவில்லை என்று பொருள். மூலையிலும் இல்லை என்றால் மட்டும் பெட்டியைச் சந்தேகியுங்கள்.

திருச்சி ரசிகன்

இருவருக்கும் நன்றி. அறை வியக்கத்தக்க விதத்தில் நீங்கள் சொன்ன அளவேதான். 14-க்கு 10 அடி. பென்சில் செல் சோதனையில் இரண்டு கோன்களும் முன்னேதான் வந்தன. ஆனால் வலப்பக்கக் கோன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி அசைய, இடப்பக்கக் கோன் லேசாகத் துடித்ததோடு சரி.

பேலன்ஸ் சோதனையில் வலப்பக்கப் பெட்டி தனியாகப் பாடும்போது கும்கி ஓரளவு கேட்கிறது, அறையின் மூலையில் நின்றால் நன்றாகவே கேட்கிறது. இடப்பக்கப் பெட்டியோ எங்கே நின்றாலும் ஒல்லியாகவே ஒலிக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இடது வலது வயர்களை மாற்றிச் செருகிப் பார்த்தேன்; குறை அதே பெட்டியோடுதான் இருக்கிறது.

பழைய ரேடியோ

தம்பி, வயரை மாற்றியும் குறை அதே பெட்டியில் நின்றது என்றால் உங்கள் ஆம்ப்ளிஃபயரும் சிடி பிளேயரும் குற்றமற்றவை. இருந்தாலும் இந்த இழையைப் பின்னாளில் தேடி வருபவர்களில் பலருக்கு இரண்டு பெட்டியிலும் சமமாக பேஸ் குறைந்திருக்கும் என்பதால் அவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன்.

எழுபதுகளின் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்று இருக்கும். 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 8 ஓம் ஸ்பீக்கருடன் சேர்ந்து 20 ஹெர்ட்ஸ் வரை வழிவிடும். அதுவே காய்ந்து 200 மைக்ரோஃபாரட்டாகச் சுருங்கிவிட்டால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கும். கெபாசிட்டர் மாற்றினால் பேஸ் வரும் என்ற நம்பிக்கை நம் மெக்கானிக்குகளிடம் வேரூன்றியது அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்களால்தான் என்பது என் எண்ணம். அங்கே அது உண்மை. அதை அப்படியே ஸ்பீக்கருக்கு எடுத்துவந்து பொருத்துவதுதான் பொருந்தவில்லை.

ஏவி ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்) வைத்திருப்பவர்கள் மெனுவில் ஸ்பீக்கர் அளவு 'ஸ்மால்' என்றும் சப்வூஃபர் 'யெஸ்' என்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் அந்த ரிசீவர், வீட்டில் இல்லாத சப்வூஃபருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இசைத்தட்டு கேட்பவர்கள் டர்ன்டேபிளை ஃபோனோ என்ற துளையில் செருகாமல் ஆக்ஸ் துளையில் செருகியிருந்தாலும் பேஸ் வராது. இசைத்தட்டில் பேஸைக் குறைத்துத்தான் வெட்டுகிறார்கள், ஃபோனோ பகுதிதான் அதைத் திரும்ப உயர்த்திக் கொடுக்க வேண்டும்.

இரவில் மெல்ல வைத்துக் கேட்டால் பேஸ் குறைவாகத் தோன்றுவது காதின் இயல்பு. 1933-லேயே ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆம்ப்ளிஃபயரில் 'லவுட்னஸ்' பொத்தான் வைத்திருப்பது இதற்காகத்தான். கடைத்தெருவில் பேஸ் என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் 80 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரு செயற்கை மேடு. அதற்குப் பழகிய காதுக்கு நல்ல ஸ்பீக்கர்கூட முதல் சில நாள் வெறுமையாகத்தான் தோன்றும். ஆனால் இடமும் வலமும் வேறுவேறாக ஒலிப்பதற்குக் காதின் பழக்கத்தைக் காரணம் காட்ட முடியாது. விற்றவர் சொன்ன சமாதானம் ஏற்கத்தக்கதல்ல.

ஈயக்கோல்

இனி முன்துணியைக் கழற்றலாம். மூன்று விவரங்கள் வேண்டும். முதலாவதாக, இரண்டு வூஃபர்களின் விளிம்பும் ஒரே பொருளால் ஆனதா? கோனுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே வளைந்து ஓடும் அந்தப் பட்டையைத்தான் சொல்கிறேன். இரண்டாவதாக, கோனின் இருபுறமும் விரல்களைப் பரப்பி வைத்து, சாயாமல் நேராக உள்ளே மெதுவாக அழுத்தி விடுங்கள். மூடிய பெட்டி காற்று கசியாமல் இருந்தால் கோன் சற்றுத் தயங்கித்தான் பழைய இடத்துக்குத் திரும்பும். அழுத்தும்போது கரகரவென்று உரசும் ஓசை கேட்டால் வாய்ஸ் காயில் (கோனின் அடியில் ஒட்டிய கம்பிச் சுருள்) காந்த இடைவெளியில் தட்டுகிறது என்று பொருள். அப்போது உடனே நிறுத்திவிடுங்கள். மூன்றாவதாக, மல்டிமீட்டரில் ஓம் அளவு. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 5.5 முதல் 7 வரை காட்டுவது இயல்பே.

திருச்சி ரசிகன்

வலப்பக்க வூஃபரின் விளிம்பு கறுத்த ஃபோம். மேலோட்டமாகப் பார்த்தால் முழுதாக இருக்கிறது. ஆனால் விரலை வைத்து எடுத்தபோது கருநிறப் பிசுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது, சட்டத்தை ஒட்டிய ஓரத்தில் மயிரிழை போன்ற கீறல்களும் இருக்கின்றன. அழுத்தினால் கோன் தாராளமாக உள்ளே போய், நீங்கள் சொன்னபடி தயங்கித் திரும்புகிறது. மீட்டரில் 5.9 ஓம்.

இடப்பக்கம் முற்றிலும் வேறு. விளிம்பில் ஃபோமே இல்லை. கோனின் காகிதம்போலவே தோன்றும், பசை ஏற்றி விறைப்பாக்கிய துணி, இரண்டு மூன்று மடிப்புகளாக ஓடுகிறது. நடுவில் உள்ள மூடி வலப்பக்கத்ததைவிடப் பெரியது, அதைச் சுற்றிப் பழுப்பு நிறப் பசை வழிந்து காய்ந்திருக்கிறது. அழுத்தினால் சில மில்லிமீட்டர்கூடப் போகாமல் உடனே எதிர்த்துத் தள்ளுகிறது. மீட்டரில் 6.8 ஓம். காந்தமும் சட்டமும் இரண்டிலும் ஒரே மாதிரி என்றுதான் திருகுகளைக் கழற்றிப் பார்த்தபோது தெரிந்தது.

கோன் கடை

நான் இதே தொழிலில் இருப்பவன். நீங்கள் எழுதியதைப் படித்ததுமே நடந்தது புரிந்துவிட்டது. இடப்பக்க வூஃபரின் ஃபோம் எப்போதோ உதிர்ந்திருக்கிறது. அதை ரீகோன் செய்தவர், அதாவது கோனை மாற்றிப் பொருத்தியவர், மேடை ஸ்பீக்கருக்கான எட்டு அங்குலக் கோனைப் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார். அளவு பொருந்திவிட்டது, சத்தமும் வருகிறது, வாடிக்கையாளரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எங்கள் தொழிலில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர்கள்தான் அதிக வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு உடையாத, விறைப்பான கோன் வேண்டும். கடையில் எப்போதும் இருப்பில் இருப்பது அந்தக் கோன்தான்.

உங்கள் பெட்டிக்கு அது ஏன் ஆகாது என்பதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். மூடிய சிறு பெட்டியிலிருந்து ஆழமான பேஸை எடுக்க முடியும் என்று நிரூபித்தவர் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர். அவருடைய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் ஏஆர்-1 ஸ்பீக்கர் 1954-இல் வந்தது. வூஃபரின் விளிம்பை மிகவும் தளர்வாக வைத்துவிட்டு, கோனைத் திரும்பத் தள்ளும் வேலையைப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றிடம் ஒப்படைத்ததுதான் அவருடைய யோசனை. உங்கள் ஸ்பீக்கரும் அந்த வழியில் வந்ததே. தளர்வாக இருக்க வேண்டிய விளிம்பை விறைப்பாக்கினால் அந்தக் கணக்கே குலைந்துவிடும்.

எண்களில் சொல்கிறேன். பெட்டிக்கு வெளியே 25 ஹெர்ட்ஸில் அதிரும் தளர்வான வூஃபர், இந்த அளவுப் பெட்டிக்குள் போனதும் 50 ஹெர்ட்ஸ் அளவுக்கு உயரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே எடையுள்ள கோனுக்கு விறைப்பான விளிம்பு போட்டதால் வெளியே 70 ஹெர்ட்ஸில் அதிர்கிறது என்றால், அதே பெட்டிக்குள் அது 82 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். அதற்குக் கீழே ஒலி வேகமாகச் சரியும். பேஸ் குமிழைத் திருப்பி இதைச் சரிசெய்ய முயன்றால் வாய்ஸ் காயில்தான் சூடேறும்.

வலப்பக்கத்து ஃபோமைப் பற்றியும் ஒரு சொல். பாலியூரித்தேன் ஃபோம் நம் ஊர் ஈரக்காற்றில் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே இற்றுவிடும். விரலில் பிசுக்கு வந்துவிட்டது என்றால் நாள் நெருங்கிவிட்டது. அதிக சத்தம் வைக்காதீர்கள்.

பழைய ரேடியோ

கோன் கடைக்காரர் சொல்வதை மறுக்கவில்லை. இருந்தாலும் கிராஸ்ஓவரை (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் சுற்று) ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது என்பேன். அத்தனை ஆண்டு வயதான எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களின் மதிப்பு நிச்சயம் மாறியிருக்கும்.

ஈயக்கோல்

மாறியிருக்கும், ஐயா, ஆனால் அது பேஸைத் தொடாது. வழக்கமான இருவழி ஸ்பீக்கரில் வூஃபருக்குப் போகும் வழியில் தொடராக இருப்பது செம்புச் சுருள் மட்டுமே. கெபாசிட்டர் ட்வீட்டரின் வழியில் இருக்கும், அல்லது வூஃபருக்குக் குறுக்கே இருந்து மேல் ஒலிகளை வடிக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தச் சுற்று இருப்பதும் இல்லாததும் ஏறக்குறைய ஒன்றுதான். சுருளின் முனையில் பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம், அதுவும் மீட்டர் 6.8 காட்டியதால் இங்கே தேவைப்படாது. ட்வீட்டர் மங்கினால் அப்போது கெபாசிட்டரைப் பற்றிப் பேசுவோம்.

ரசிகன் அவர்களே, ஊகத்தில் செலவு செய்வதற்கு முன் அளந்துவிடுங்கள். 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஸ்பீக்கருடன் தொடராக இணைத்து, போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்து, வெளியீட்டை 5 வோல்ட் ஏசியில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் முனைகளில் மட்டும் ஏசி வோல்ட்டை அளந்தபடி 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே நகருங்கள். ஸ்பீக்கர் 8 ஓமாக இருக்குமிடத்தில் 0.37 வோல்ட் காட்டும். அதிர்வு உச்சியில் 40 ஓமுக்கு உயர்ந்தால் 1.4 வோல்ட் காட்டும். வோல்ட் அதிகமாக இருக்கும் அலைவெண்தான் பெட்டிக்குள் வூஃபர் இயல்பாக அதிரும் அலைவெண், நாம் தேடுவது அதையே. மூடிய பெட்டிக்கு ஒரே ஓர் உச்சி. குழாய் வைத்த பெட்டி என்றால் இரண்டு உச்சிகளும் நடுவே ஒரு பள்ளமும் வரும். மலிவான மீட்டர்களில் ஏசியின் குறைந்த வரம்பே 200 வோல்ட்டாக இருக்கும். அதில் இந்த அளவு சரியாகத் தெரியாது, நல்ல மீட்டரை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

திருச்சி ரசிகன்

அளந்துவிட்டேன். வலப்பக்கம் 48 ஹெர்ட்ஸில் உச்சி. இடப்பக்கம் 81 ஹெர்ட்ஸில். கோன் கடைக்காரர் காகிதத்தில் போட்ட கணக்குக்கு இவ்வளவு நெருக்கமாக வந்தது ஆச்சரியமாக இருக்கிறது. இனி என்ன செய்யலாம்?

கோன் கடை

கணக்கு நெருக்கமாக வந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. புதுக் கோனின் எடை வேறாக இருந்திருந்தால் தள்ளிப்போயிருக்கும்.

வலப்பக்கத்துக்கு ஃபோம் மட்டும் மாற்றினால் போதும். கோனையும் வாய்ஸ் காயிலையும் யாரும் தொடக்கூடாது, அவை அசலானவை. பழைய ஃபோமையும் பசையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுத்து, நீரை அடிப்படையாகக் கொண்ட வெள்ளைப் பசையால் ஒட்ட வேண்டும். நொடியில் இறுகும் பசை வேண்டவே வேண்டாம், மையம் பார்த்து நகர்த்துவதற்கு அவகாசம் கிடைக்காது. பசை உலரும் வரை வாய்ஸ் காயில் காந்த இடைவெளியின் நடுவில் நிற்க வேண்டும். கோனின் நடு மூடியைத் திறந்து மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி நிறுத்தலாம், அல்லது 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்ல ஓடவிட்டு உரசல் கேட்காத இடத்தில் கோனை நிறுத்தலாம்.

இடப்பக்கத்துக்கு, அதே மாடலில் பெட்டி உடைந்த ஸ்பீக்கரிலிருந்து வூஃபர் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் திரும்ப ரீகோன்தான். சென்னை வர முடிந்தால் ரிச்சி தெருவில் உதிரிபாகம் தேடலாம். கடையில் வெறுமனே எட்டு அங்குலக் கோன் என்று கேட்டால் மறுபடியும் மேடைக் கோன்தான் கைக்கு வரும். வீட்டு ஸ்பீக்கருக்கு, ரப்பர் அல்லது ஃபோம் விளிம்போடு, உள்ளே கோனின் அடியைத் தாங்கும் மடிப்புத் துணியும் தளர்வானதாக வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த மடிப்புத் துணியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். விளிம்பை மட்டும் தளர்த்தி அதை விறைப்பாக விட்டுவிட்டால் பாதிப் பயன்தான். வலப்பக்க வூஃபரையும் கையோடு கொண்டுபோய், அதை அழுத்திப் பார்த்து, இதற்கு ஈடாகச் செய்து தரச் சொல்வது நல்லது.

அறைஒலி

இரண்டு பெட்டிக்கும் புதிய வூஃபர் ஜோடி வாங்கிப் போட்டுவிடலாமே என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: செய்யலாம், ஆனால் பெட்டியின் கொள்ளளவும் கிராஸ்ஓவரும் அசல் வூஃபருக்காகக் கணக்கிடப்பட்டவை. புதியதின் அளவுகள் தெரியாமல் போட்டால் பேஸோடு குரலின் இயல்பும் மாறிவிடும். உங்களுக்கு இப்போது பிடித்திருப்பதே அந்தக் குரல்தான்.

திருச்சி ரசிகன்

தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஃபோம் மாற்றியாயிற்று. இப்போது 47 ஹெர்ட்ஸ். இடப்பக்கத்தை ரப்பர் விளிம்போடு ரீகோன் செய்ததில் 81-லிருந்து 54-க்கு இறங்கியிருக்கிறது. தொப்பியின் நாதம் இப்போது நாதமாகவே கேட்கிறது. நாற்காலியை அறையின் நடுவிலிருந்து பின்சுவர்ப் பக்கமாக இரண்டடி நகர்த்தியதில், முன்பு காணாமல் போன கிட்டார் ஸ்வரங்களும் திரும்பிவிட்டன. இந்த 54-க்கும் 47-க்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க வழி உண்டா, அல்லது அப்படியே விட்டுவிடலாமா?

கோன் கடை

வூஃபரைக் கழற்றியபோது இரண்டு பெட்டிக்குள்ளும் பஞ்சு சமமாக இருந்ததா? ரீகோன் செய்யக் கழற்றும்போது அதை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வைக்காதவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. மூடிய பெட்டியில் பஞ்சு இருந்தால், உள்ளே இருக்கும் காற்று சற்றுத் தளர்ந்து, பெட்டி தன் அளவைவிடப் பெரியது போல நடந்துகொள்ளும்.

திருச்சி ரசிகன்

வலப்பக்கத்தில் பெட்டி நிறைய இருந்தது. இடப்பக்கத்தில் பின்சுவரில் ஒட்டிய ஒரு கைப்பிடி மட்டுமே இருந்தது. தலையணைக்கு வைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு வாங்கி, வலப்பக்கத்துப் பஞ்சை எடைபோட்டு அதே அளவுக்கு, அமுக்காமல் உதிர்த்து வைத்தேன். வூஃபரைத் திரும்பப் பூட்டும்போது சட்டத்தின் கீழே இற்றுப்போயிருந்த கேஸ்கெட்டுக்குப் பதிலாக மெல்லிய ஃபோம் பட்டையும் ஒட்டினேன். இப்போது இடப்பக்கம் 50 ஹெர்ட்ஸ். பேலன்ஸ் குமிழை இடமும் வலமும் திருப்பிக் கேட்டால் என் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை. மெக்கானிக் சொன்ன கெபாசிட்டர்களும் இன்னும் உள்ளேயேதான் இருக்கின்றன.